காய்ச்சலோடு பேச்சு தடுமாறினால்: மூளைக்காய்ச்சல், முதல் மணி நேரத்திலிருந்து வீடு திரும்பிய பிறகு வரை

காய்ச்சலில் படுத்திருப்பவர் பெற்ற தாயைப் பார்த்து "நீங்க யாரு" என்கிறார். இல்லாத ஆளோடு பேசுகிறார். தட்டி எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாய்ந்துகொள்கிறார். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இதற்கு ஒரே பேச்சுதான்: "ஜன்னி கண்டுடுச்சு." அந்தச் சொல்லோடு சேர்ந்து ஒரு நம்பிக்கையும் வந்துவிடுகிறது. காய்ச்சல் இறங்கினால் ஜன்னியும் தானே தெளிந்துவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீடு காத்திருக்கிறது. மூளைக்காய்ச்சலில் மிகப் பெரிய இழப்பு அந்த ஒரு இரவில்தான் நடக்கிறது.

102, 103 டிகிரி காய்ச்சலில் சிறு பிள்ளைகள் கொஞ்சம் உளறுவது உண்டுதான். பாராசிட்டமால் கொடுத்து, உடம்பு வேர்த்துச் சூடு இறங்கியதும் அந்தப் பிள்ளை தண்ணீர் கேட்கும், தம்பியோடு சண்டை போடும். சூடு இறங்கியும் தெளியவில்லை என்றால் அது ஜன்னி அல்ல, மூளை. இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்: இப்போது காய்ச்சல் இருக்கிறது, அல்லது கடந்த மூன்று நாளில் இருந்தது, கூடவே நினைவு, பேச்சு, நடத்தை மாறியிருக்கிறது, அல்லது புதிதாக வலிப்பு வந்திருக்கிறது. இப்படி இருந்தால் அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனை.

இது என்ன நோய்

மூளைத் திசுவே அழற்சி கண்டு வீங்குவதுதான் மூளை அழற்சி. மூளையைச் சுற்றிய உறை அழற்சி காண்பது வேறு. அதில் கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் கண்ணில் குத்துவது முதலில் வரும், நினைவு ஓரளவு தெளிவாக இருக்கும். நம் பேச்சு வழக்கில் இரண்டுக்கும் மூளைக்காய்ச்சல் என்ற ஒரே பெயர்தான், பல நோயாளிகளுக்கு இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும். மருத்துவமனைச் சீட்டில் ஏ.இ.எஸ். என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். காய்ச்சலோடு நினைவு மாறியோ வலிப்பு வந்தோ சேர்க்கப்படுகிற எல்லோருக்கும் காரணம் தெரியும் வரை போடுகிற பொதுப் பெயர் அது.

மண்டை ஓடு விரியாத பெட்டி. உள்ளே இருப்பது வீங்கினால் அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் ஏறினால் ரத்த ஓட்டம் குறைகிறது, குறைந்த இடத்துத் திசு செத்துப்போகிறது. செத்த மூளைச் செல் திரும்ப முளைப்பதில்லை. ஹெர்ப்பிஸ் வைரஸ் மூளையைத் தாக்கினால், மருந்து கொடுக்காவிட்டால் 10 பேரில் 7 பேர் இறந்துவிடுவார்கள். அசைக்ளோவிர் சீக்கிரம் தொடங்கினால் அது 10க்கு 2 அல்லது அதற்கும் கீழே இறங்குகிறது. மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனையிலும் கிடைக்கிறது. வித்தியாசம் எந்த நாளில் போய்ச் சேர்கிறோம் என்பதுதான்.

வீட்டில் பார்த்துக் கண்டுபிடிப்பது

காய்ச்சல்காரரிடம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மூன்று கேள்வி கேளுங்கள்: உன் பேர் என்ன, இது யார், இன்றைக்கு என்ன கிழமை. இரவிலும் ஒரு தடவையாவது எழுப்பிக் கேட்க வேண்டும். "அசதியில் நல்லாத் தூங்குறான்" என்று விட்டுவிட்ட தூக்கம் பல வீடுகளில் மயக்கமாக இருந்திருக்கிறது. பேசத் தெரியாத குழந்தையாக இருந்தால் தாயின் முகத்தைக் கண் தொடர்கிறதா, பால் உறிஞ்சுகிறதா, அழுகை பழைய அழுகையா அல்லது கீச்சென்று மாறியிருக்கிறதா, உச்சிக்குழி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

தவறான பெயர் சூட்டப்படும் இடங்களும் இருக்கின்றன. குடிப்பழக்கம் உள்ளவர் தள்ளாடினால் குடித்திருக்கிறார் என்று விட்டுவிடுகிறார்கள். இளம்பெண் திடீரென்று சிரித்து, அழுது, சம்பந்தமில்லாமல் பேசினால் காற்று பட்டுவிட்டது என்று வேப்பிலை அடிக்க அழைத்துப் போகிறார்கள். சாமி கும்பிடுவதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, வீட்டில் இருக்கும் பெரியவர் கோயிலுக்குப் போகலாம்.

காய்ச்சல் மருந்தைப் பொறுத்தவரை பாராசிட்டமால் மட்டும் போதும். குழந்தையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். இங்கேதான் அடிக்கடி தப்பு நடக்கிறது. மெடிக்கலில் விற்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 125 உள்ள பாட்டிலும் உண்டு, 250 உள்ள பாட்டிலும் உண்டு. முதலாவதில் சுமார் 7 மில்லி, இரண்டாவதில் மூன்றரை மில்லி. லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். நினைவு குழம்பியவருக்கு வாய் வழியாக எதுவுமே வேண்டாம். தண்ணீரோ கஷாயமோ மூச்சுக்குழலுக்குள் போனால் மூளைக்காய்ச்சலோடு நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும்.

வலிப்பு வந்துவிட்டால்

தரையில் படுக்க வைத்து ஒருக்களித்துத் திருப்புங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழியட்டும். கழுத்துப் பட்டன், தாலிக்கயிறு, இடுப்புக் கயிறு இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள். தலைக்கடியில் மடித்த துண்டு. செல்போனில் மணியைப் பாருங்கள், இன்னொருவர் அரை நிமிடம் வீடியோ எடுக்கட்டும். எந்தப் பக்கக் கை முதலில் வெட்டியது, கண் எந்தப் பக்கம் சொருகியது என்பது மருத்துவருக்கு ஒரு பரிசோதனை அளவுக்கு உதவும்.

கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் இருந்த இரும்புக்குப் பேர் போய்ச் சேருகிறது. பல்லுக்கு நடுவே கரண்டி வைத்தால் பல் உடையும், உடைந்த பல் மூச்சுக்குழலுக்குள் போகும். கை காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம்.

ஐந்து நிமிடம் தாண்டியும் வெட்டு நிற்கவில்லை, அல்லது நின்று உடனே அடுத்தது வந்தது என்றால் அது தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சாதாரணக் காய்ச்சலிலேயே வலிப்பு வரலாம். அப்படி வந்த பிள்ளை கால் மணி நேரத்துக்குள் வலிப்பு நின்று, ஒரு மணி நேரத்துக்குள் முழுசாகத் தெளிந்துவிடும். தெளியாத பிள்ளையை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கொண்டு போவது

108. மலைக்கிராமம் என்றால், அஞ்செட்டிக் காடோ சித்தேரியோ வத்தல்மலையோ எதுவானாலும், கூப்பிட்ட கையோடு கிடைத்த வண்டியில் கீழே இறங்கத் தொடங்கி, வழியில் ஆம்புலன்ஸைச் சந்திக்கும் இடத்தைப் போனிலேயே பேசி முடிவு செய்யுங்கள். நினைவில்லாதவரை இரு சக்கர வண்டியில் இரண்டு பேர் நடுவே உட்கார வைத்துக் கொண்டு போகாதீர்கள். தலை முன்னால் தொங்கி மூச்சுக்குழல் மடங்கிவிடும். நெருக்கிப் பிடித்திருப்பவருக்கு மூச்சு நின்றதே தெரியாது. ஆட்டோ ஆனாலும் சரக்கு வண்டி ஆனாலும் ஒருக்களித்துப் படுத்த நிலையில்தான் பயணம்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போக வேண்டாம். அங்கே பத்து நிமிடத்தில் மூன்று காரியம் முடியும்: சர்க்கரை அளவு பார்ப்பது, வலிப்பை நிறுத்தும் ஊசி, ஆக்சிஜன். 40 கிலோவுக்கு மேல் எடை உள்ளவருக்குத் தொடையில் 10 மில்லிகிராம் மிடசோலம், அல்லது நரம்பில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் லோரசெபாம், அதிகபட்சம் 4. இது போட்டு வலிப்பு நின்ற நிலையில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகிறவருக்கும், வழியெல்லாம் வெட்டிக்கொண்டே போகிறவருக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. ஓசூர், தேன்கனிக்கோட்டை மக்கள் பெங்களூரு ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸுக்கு நேராகப் போவது வழக்கம். மூளை, நரம்புக்கு அது தேர்ந்த இடம், சந்தேகமில்லை. ஆனால் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லை தாண்டி நெரிசலில் நிற்பதைவிட, பக்கத்தில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. ரெஃபர் செய்யும் சீட்டில் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று எழுதச் சொல்லி வாங்குங்கள்.

போகிற வழியில் ஒரு தாளில் எழுதிவிட வேண்டியவை: காய்ச்சல் தொடங்கிய தேதி, பேச்சு மாறிய நேரம், எத்தனை வலிப்பு, கொடுத்த மாத்திரைகள், பட்டையோடு, தடுப்பூசி அட்டை, வீட்டில் யாருக்காவது டி.பி. உண்டா, கடந்த சில மாதங்களில் நாய் கடித்ததா, காட்டில் ஆடு மேய்த்தாரா, புல் அறுத்தாரா, பக்கத்தில் பன்றி வளர்ப்பு உண்டா, வெளியூர் போனாரா. தக்காளித் தோட்டத்திலோ ரோஜாத் தோட்டத்திலோ மருந்து அடித்திருந்தால், சர்க்கரை மாத்திரை போடுபவராக இருந்தால், குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பூச்சிமருந்து நஞ்சும் சர்க்கரை இறங்குவதும் மூளைக்காய்ச்சல் மாதிரியே முகம் காட்டும், மருத்துவம் முற்றிலும் வேறு.

முதுகில் எடுக்கும் தண்ணீர்

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரைப் பரிசோதனைக்காக முதுகில் ஊசி போட்டு எடுப்பார்கள். இந்த நோயில் குடும்பம் மிகவும் தயங்கி நிற்கும் இடம் இதுதான். "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்" என்று யாராவது ஒருவர் வார்டு வாசலில் சொல்லிவிடுவார், கையெழுத்துப் போடும் கை நின்றுவிடும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்புக்கு மேலே, முதல் அல்லது இரண்டாம் இடுப்பு எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். அங்கே தண்டுவடம் கிடையாது. நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான். தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் வைக்கோல் இழைபோல ஊசி முனைக்கு அவை விலகிக்கொடுக்கும். நோயாளியைச் சுருட்டி, முட்டி நெஞ்சைத் தொடும்படி பக்கவாட்டில் படுக்க வைப்பார்கள். எலும்பு இடைவெளி திறப்பதற்காக அது. பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும் நர்ஸ் அக்கா கழுத்தை அழுத்தாமல் முதுகை மட்டும் வளைத்துப் பிடிப்பார்.

வளர்ந்தவர் உடம்பில் இந்த நீர் சுமார் 150 மில்லி இருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. எடுப்பது பிள்ளைக்கு இரண்டு மூன்று மில்லி, பெரியவருக்கு 10 மில்லி வரை. அரை மணி நேரத்தில் உடம்பு அதை ஈடுகட்டிவிடும். சிலருக்கு இரண்டு மூன்று நாள், எழுந்து உட்கார்ந்தால் தலைவலிக்கும், படுத்தால் விடும்.

அந்தச் சில மில்லியில் வழி பிரிகிறது. வெள்ளை அணுக்கள் ஆயிரக்கணக்கில், சர்க்கரை குறைவு என்றால் பாக்டீரியா. அணுக்கள் சில நூறுக்குள், பெரும்பாலும் லிம்போசைட் எனும் வெள்ளை அணு வகை, சர்க்கரை சரியாக இருந்தால் வைரஸ். லிம்போசைட்டோடு சர்க்கரை குறைந்து புரதம் எகிறியிருந்தால் டி.பி.யை நினைக்க வேண்டும். நீரின் சர்க்கரையைத் தனியாகப் படிக்க முடியாது. அது ரத்தச் சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டியது. அதனால் அதே நேரத்தில் விரல் நுனி ரத்தமும் எடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டால் பாதிப் பயன் போய்விடும்.

உடனே எடுக்கக் கூடாத நிலையும் உண்டு. ஒரு பக்கக் கை கால் இழுத்திருந்தால், ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தால், வலிப்பு நிற்காவிட்டால், கண் பாப்பா இரண்டும் சமமாக இல்லாவிட்டால் முதலில் தலைக்கு ஸ்கேன். டெங்கு போல தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தாலும் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். நீர் எடுப்பது தள்ளிப்போனால் மருந்தும் தள்ளிப்போகக் கூடாது. அந்தக் கேள்வியை நீங்களே கேட்கலாம்: "தண்ணி அப்புறம் எடுங்க டாக்டர், மருந்து ஆரம்பிச்சாச்சா?"

சி.டி. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதால் மூளைக்காய்ச்சல் இல்லை என்று ஆகிவிடாது. முதல் நாட்களில் சி.டி.யில் எதுவும் தெரியாமல் இருப்பது சகஜம். எம்.ஆர்.ஐ.யில் ஹெர்ப்பிஸ் என்றால் காதுக்கு உள்பக்கம் இருக்கும் பொட்டு மடலும், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றால் மூளையின் நடு ஆழத்தில் இருக்கும் தலாமஸும் மாறித் தெரியும்.

மருந்துகள்: காரணம் தெரியும் முன்பே தொடங்குபவை

முடிவு வரும் வரை காத்திருந்து மருந்து போடும் நோய் அல்ல இது. ஆரம்பத்தில் இரண்டு மூன்று காரணத்துக்கும் சேர்த்தே போடுவார்கள்: பாக்டீரியாவுக்கு செஃப்ட்ரியாக்சோன், பெரியவருக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 2 கிராம், ஹெர்ப்பிஸுக்கு அசைக்ளோவிர், நம் பகுதியில் உண்ணிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின். பிறகு முடிவுகள் வர வர ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். "எதுக்கு இத்தனை ஊசி" என்று சண்டை போட வேண்டாம்.

அசைக்ளோவிர் கணக்கு: கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, 14 முதல் 21 நாள். 50 கிலோ ஆளுக்கு ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம். காலை 6, மதியம் 2, இரவு 10. பிறந்த குழந்தைக்கு அளவு இரட்டிப்பு. தூளைக் கரைத்து 100 மில்லி சலைனில் கலந்து ஒரு மணி நேரம் மெதுவாக இறங்க வேண்டும். சொட்டு மெதுவாக இருக்கிறதே என்று உறவினர் யாராவது சக்கரத்தைத் தள்ளி வேகமாக்கிவிடுவதுண்டு. செய்யாதீர்கள். வேகமாகப் போனால் மருந்து சிறுநீரகக் குழாய்களில் படிகமாக உறைந்து அடைத்துவிடும். மருந்தோடு போதிய நீரும் ஏற வேண்டும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 50 கிலோ ஆளுக்குச் சிறுநீர் மணிக்கு 25 மில்லிக்குக் குறையாமல் போக வேண்டும்; பையில் விழும் அளவை நீங்களும் குறித்து வைத்தால் நர்ஸுக்கு அது பெரிய உதவி. இந்த மருந்து கடும் காரத்தன்மை உடையது. ஊசி நரம்பை விட்டு விலகிச் சதைக்குள் இறங்கினால் தோல் வெந்துபோகும். நினைவில்லாதவர் வலி சொல்ல மாட்டார். சொட்டு ஓடும்போது ஊசி குத்திய இடத்தைக் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். வீங்கியிருந்தால், சிவந்திருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டு ஆள் பேச ஆரம்பித்ததும், சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆடு மாட்டைப் பார்க்க ஆள் இல்லை, கூலி போகிறது. காரணங்கள் எல்லாம் உண்மையானவைதான். ஆனால் பாதியில் விட்ட ஹெர்ப்பிஸ் திரும்ப எழும், இரண்டாம் முறை மூளையில் மிச்சம் வைக்காது. அதே மருந்தை மாத்திரையாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பதும் சரிவராது. மாத்திரையில் மூளைக்குப் போய்ச் சேரும் அளவு போதாது. நீரில் ஹெர்ப்பிஸ் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை முதல் மூன்று நாளில் தவறாக 'இல்லை' என்று வரலாம் என்பதால், சந்தேகம் பலமாக இருந்தால் சில நாள் கழித்து மறுபடி நீர் எடுப்பார்கள். முதல் முடிவை வைத்து மருந்தை நிறுத்தச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

பீடி சுட்ட வடு

உண்ணிக்காய்ச்சல் எனும் ஸ்க்ரப் டைஃபஸ் மூளையைத் தாக்குவது தமிழ்நாட்டில் அபூர்வம் இல்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் கூடும். ஆடு மேய்ப்பவர், விறகு எடுப்பவர், வரப்பில் புல் அறுப்பவர், காட்டோரம் ஒதுங்குபவர் எல்லோருக்கும் வரலாம்.

கடித்த இடத்தில் பீடியால் சுட்டதுபோல ஒரு கரும் பொருக்கு, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் நோயாளியே சொல்ல மாட்டார், தேடித்தான் பார்க்க வேண்டும். தேட வேண்டிய இடங்கள்: அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடி மடிப்பு, பாவாடை நாடாவும் அரைஞாண் கயிறும் பதியும் இடுப்பு, முட்டிக்குப் பின்னால், காதுக்குப் பின்னால், விதைப்பை, பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள். பெண்களைப் பெண் நர்ஸோ வீட்டுப் பெண்ணோ திரை போட்டு, நல்ல வெளிச்சத்தில், உடையை விலக்கிப் பார்க்க வேண்டும். கூச்சத்தில் விட்டுவிட்ட வடுதான் பின்னால் கிடைக்கிறது. வடு இல்லாமலும் இந்த நோய் வரும், முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனையும் பொய்த்துப்போகலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமியைத் தொடாது. டாக்சிசைக்ளின் போட்டால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023ல் வெளியான ஆய்வில், தீவிர ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது, தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் தந்தது.

கொசு, கொக்கு, பன்றி, நெல்வயல்

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெயரில்தான் வெளிநாடு. இந்தியாவில் அது முதலில் அடையாளம் காணப்பட்டது 1955ல், நம் பக்கத்து வேலூரில். கொக்கு, நாரையிடமும் பன்றியிடமும் வைரஸ் பெருகுகிறது. நெல்வயல் நீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசு அங்கிருந்து மனிதருக்குக் கொண்டு வருகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாது, எனவே நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. தொற்றியவர்களில் 250 பேருக்கு ஒருவர்தான் கடுமையாக விழுவார். ஆனால் விழுந்தவர்களில் 30 சதவீதம் வரை இறக்கலாம், பிழைத்தவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு நிரந்தரக் குறை தங்கும். இதற்கென்று வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. வலிப்பையும் வீக்கத்தையும் மூச்சையும் காத்து நிற்பதே மருத்துவம்.

இந்தக் கொசு கடிப்பது அந்தியிலிருந்து விடியும் வரை. டெங்குக் கொசு பகலில் கடிப்பது, வீட்டுக்குள் நல்ல தண்ணீரில் வளர்வது. இது வயல்காட்டுக் கொசு. வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுப்பவர் வலை கட்டிப் படுக்க வேண்டும். பன்றிக்கொட்டகை வீட்டை ஒட்டி இருக்கக் கூடாது. கே.ஆர்.பி. அணைப் பாசனத்திலும் பாரூர் ஏரிப் பாசனத்திலும் நெல் போடுபவர்கள், எப்போதும் நீர் கட்டி நிறுத்தாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி நீர் விட்டால் தண்ணீரும் மிச்சம், புழுவும் கொசுவாகும் முன் வயல் உலர்ந்துபோகும். தடுப்பூசி எல்லா மாவட்டத்திலும் போடப்படுவதில்லை. அட்டவணையில் உள்ள மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. உங்கள் ஊருக்கு உண்டா என்று கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். அதே வயதில் போடும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி எல்லா ஊருக்கும் உண்டு, தட்டம்மை மூளையை எட்டுவதை அதுவே தடுக்கிறது. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசி. வெறிநாய்க்கடி மூளையை எட்டிய பின் மருத்துவமே கிடையாது.

காய்ச்சல் அதிகம் இல்லாமலே மனநோய் போலத் தொடங்கும் வகை ஒன்றும் உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குவது. இளம்பெண்ணுக்கு ஒரு சில வாரத்தில் குணம் மாறி, தூக்கம் போய், வாயும் நாக்கும் தானாக அசைந்து, வலிப்பும் வந்தால் இதை நினைக்க வேண்டும். 2007ல்தான் இதன் முக்கிய வகை கண்டறியப்பட்டது. சினைப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்வார்கள். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் என்று மருத்துவம் உண்டு; குணமாக மாதங்கள் ஆகும், ஆனால் பெரும்பாலோர் நன்றாகவே தேறுகிறார்கள்.

வார்டில் குடும்பத்தின் வேலை

தலைமாடு 30 டிகிரி உயரம், கழுத்து நேராக. தலை ஒரு பக்கம் சாய்ந்தால் கழுத்து நரம்பு மடங்கி மூளையின் ரத்தம் வடியாமல் அழுத்தம் ஏறும். மன்னிட்டால் மருந்தை ஏற்றுவதும் இதே அழுத்தத்தைக் குறைக்கத்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் திருப்புங்கள். குதிகால், இடுப்பெலும்பு, பின்தலை சிவக்கிறதா பாருங்கள்.

மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது ராகிக் கஞ்சியில் ஒரு கவனம். சூட்டில் தண்ணீராக இருக்கும் கஞ்சி ஆற ஆறக் கெட்டியாகி, குழாயின் நடுவில் அடைத்துக்கொள்ளும். நீர்க்க காய்ச்சி, துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று நர்ஸ் பார்த்த பிறகே தொடங்குங்கள். பெரியவருக்கு ஒரு தடவை 200 மில்லி, சிரிஞ்சை அழுத்தாமல் தானாக இறங்க விட்டு. கடைசியில் 30 மில்லி சுத்த நீர். கொடுத்த பின் அரை மணி நேரம் தட்டையாகப் படுக்க வைக்கக் கூடாது. திருப்புவது, முதுகு தட்டுவது எல்லாம் உணவுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

வலிப்பு வெளியே நின்றும் ஆள் விழிக்காவிட்டால், உடம்பு அசையாமல் மூளைக்குள் மட்டும் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். அதை மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.தான் காட்டும். கண் இமை துடிப்பது, வாய் ஓரம் இழுப்பது தெரிந்தால் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் என்றால் குணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உடம்பு தேறுவது முதலில்; நினைவு, கோபம், தூக்கம், சொல் கிடைக்காமல் தடுமாறுவது இதெல்லாம் தேற ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். சாந்தமாக இருந்தவர் எதற்கெடுத்தாலும் தட்டை வீசுகிறார் என்றால் அது திமிர் அல்ல, பொட்டு மடலின் காயம். சத்தமும் கூட்டமும் குறைவான அறை, ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, ஒரே நேரத்துக்குத் தூக்கம், ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்வது, மாத்திரை நேரத்தைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுவது. இவை மாத்திரைக்குச் சமமாக வேலை செய்கின்றன.

நடக்க முடியாதவருக்கு வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வர, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வழி உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று அது தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். குறை தங்கிவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம், எம்.ஆர்.ஐ. படம், நீர்ப் பரிசோதனை முடிவு மூன்றையும் போனிலும் படமெடுத்து வையுங்கள். பெங்களூரில் மருத்துவம் பார்த்தவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

பள்ளிப் பிள்ளையை முதலில் அரை நாள் அனுப்புங்கள். போன மாதம் படித்தது நினைவில்லை என்றால் அடிக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

ஹெர்ப்பிஸ் வந்து தேறியவருக்கு, சில வாரம் கழித்து மறுபடி நடத்தை மாறினால், உறக்கம் கெட்டால், பிள்ளைக்குக் கை கால் தானாக நெளிய ஆரம்பித்தால் தாமதம் வேண்டாம். வைரஸ் திரும்பியிருக்கலாம், அல்லது மேலே சொன்ன எதிர்ப்புச் சக்தி வகை பின்னால் எழுந்திருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, மறுபடி நீர் எடுத்துத்தான் பிரிக்க முடியும்.

வலிப்பு மாத்திரையைத் தீர்ந்துபோகும் நாளில் தேடாமல் ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். புதிதாகத் தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் உடம்பில் தடிப்பு, வாயில் புண் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவர் சொல்லும் வரை வண்டி, டிராக்டர் ஓட்டக் கூடாது, மாமரம் ஏறக் கூடாது. கிணற்றிலும் ஏரியிலும் தனியாக இறங்கக் கூடாது. குளியல் வாளித் தண்ணீரில், கதவைத் தாழ் போடாமல். விறகடுப்புப் பக்கம் தனியாக உட்கார விடாதீர்கள்.